கிறிஸ் கார்னெல்: தனி ஆல்பமா, சவுண்ட்கார்டனா?

அஸ்தம்பட்டி_கிட்டார்

வணக்கம். எங்கள் செட்டில் ரொம்ப நாளாக ஓடுகிற ஒரு வாக்குவாதம், இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன். கிறிஸ் கார்னெல், தான் பாடகராக இருந்த சவுண்ட்கார்டன் என்ற அமெரிக்க ராக் பேண்டில் எழுதின பாட்டையும் தனியாகப் போட்ட ஆல்பங்களையும் எப்படிப் பார்க்கிறீர்கள்? 1994இல் பேண்டு போட்ட 'சூப்பர்அன்நோன்' முடிந்த கையோடு 1999இல் அவர் தனியாகப் போட்ட 'யூஃபோரியா மார்னிங்' கேட்டால் குரல் மட்டும்தான் அதே குரல், பாட்டைக் கட்டினவர் வேறு யாரோ என்று தோன்றுகிறது. பேண்டில் மற்ற மூன்று பேர் இருந்ததால்தான் அவர் பாட்டு நின்றது, தனியாக வந்ததும் வெறும் மெலடியாகிவிட்டது என்பது என் நண்பன் கட்சி. 'வென் ஐம் டவுன்' மாதிரி ஒரு பாட்டைக் கேட்டபிறகு அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்ல என்னிடம் சரக்கும் இல்லை.

இன்னொன்று, அடுத்த மாதம் ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் கூடுகிறோம். ஒரு அகௌஸ்டிக் கிட்டார், ஒரு கஞ்சிரா, ஆம்ப் கிடையாது. இவருடைய பாட்டில் எதை எடுத்தால் நிற்கும்?

சேர்வராயன்_மலை

தம்பி, முதலில் உங்கள் நண்பரிடம் 'சூப்பர்அன்நோன்' உறையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 'பிளாக் ஹோல் சன்', 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்', 'ஸ்பூன்மேன்' மூன்றுமே கார்னெல் ஒருவர் பெயரில்தான் இருக்கின்றன. ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தின பாட்டுகள் அவர் தனியாக உட்கார்ந்து எழுதினவை. 'மெயில்மேன்' இசை டிரம்மர் மாட் காமரானுடையது, 'ஹெட் டவுன்' பாஸ் வாசித்த பென் ஷெப்பர்டுடையது, அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேண்டுதான் எழுதியது, இவர் பாட மட்டும் செய்தார் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1992இல் சியாட்டிலை வைத்து 'சிங்கிள்ஸ்' என்று ஒரு படம் வந்தது. அதில் வரும் கற்பனை பேண்டுக்காக பேர்ல் ஜாம் என்ற இன்னொரு சியாட்டில் பேண்டின் ஜெஃப் அமென்ட் சும்மா சில பாட்டுத் தலைப்புகளை எழுதி வைக்க, கார்னெல் அந்தத் தலைப்புகளுக்கு நிஜமாகவே பாட்டு எழுதி, வீட்டிலேயே பதிவு செய்து கேசட்டாகக் கொடுத்துவிட்டார். அந்த ஒரே கேசட்டில் 'சீசன்ஸ்' இருக்கிறது, 'ஸ்பூன்மேன்' இருக்கிறது, 'ஃபிளட்டர் கேர்ள்' இருக்கிறது. 'சீசன்ஸ்' அவர் பெயரிலேயே படத்தின் இசைத்தட்டில் வந்தது. 'ஸ்பூன்மேன்' பேண்டுக்குப் போய், சியாட்டில் தெருவில் ஸ்பூன் வாசிக்கிற கலைஞரே வந்து ஸ்பூன் வாசிக்க, 1994இல் அவ்வளவு கனமாக வந்தது. 'ஃபிளட்டர் கேர்ள்' ஏழு வருடம் காத்திருந்து 'யூஃபோரியா மார்னிங்'கில் ஏறியது. ஒரே ஆள், ஒரே சமயம், ஒரே கேசட். எழுதும்போது இது தனி, இது பேண்டு என்று அவர் கோடு போட்டுக்கொள்ளவில்லை. பாட்டு யார் கைக்குப் போனதோ அவர்களால் மாறியது. உங்கள் இரண்டு பேருக்கும் என் பதில் இதுதான்.

செவ்வாய்பேட்டை_சாபு

மேலே அண்ணன் சொன்னது சரி, நான் தாளத்தின் பக்கமிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், மிருதங்கம் வாசிப்பவன். 'ஸ்பூன்மேன்' கிட்டார் வரி ஏழு எண்ணிக்கை, கோரஸ் வந்ததும் நாலுக்குப் போய்விடும். 'மை வேவ்' பெரும்பாலும் ஐந்து. மிஸ்ர சாபும் கண்ட சாபும் (ஏழு, ஐந்து எண்ணிக்கைத் தாளங்கள்) கையில் இருக்கிற கஞ்சிராக்காரர் ஒருவர் இருந்தால் இந்தப் பாட்டுகளைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். அடிகள் விழும் இடம் நம் சாபு மாதிரியே இருக்காது, அதை மட்டும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டார் வாசித்த கிம் தாயில் (அவர் பெற்றோர் கேரளத்துக்காரர்கள்) இந்த எண்ணிக்கையெல்லாம் நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததில்லை, பாட்டு முடிந்தபிறகுதான் எண்ணியே பார்ப்போம் என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அந்த நாலு பேர் சேர்ந்தால் அப்படி நடந்தது. தனி ஆல்பங்களில் தாளம் பெரும்பாலும் நேராகப் போகிறது, குரலுக்கு வழிவிட்டு நிற்கிறது. எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. அவர் குரல் எதையாவது எதிர்த்து ஏறும்போதுதான் அதன் முழு பலம் தெரிகிறது, வழிவிட்டு நிற்கிற இசையில் அது அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சூரமங்கலம்_மாலை

செவ்வாய்பேட்டைத் தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 'வென் ஐம் டவுன்' பாட்டில் பியானோவுக்கு மேல் அவர் எவ்வளவு அடக்கிப் பாடுகிறார் என்று கவனியுங்கள். வரியின் கடைசிச் சொல்லைக் கத்தி முடிக்காமல் அப்படியே இறக்கி விடுவார். சவுண்ட்கார்டன் மாதிரி இரைச்சலுக்கு நடுவே இதைச் செய்யவே முடியாது, செய்தாலும் யாருக்கும் கேட்காது. எதிர்ப்பு இருந்தால்தான் பலம் என்றால் இந்தப் பலத்துக்கு என்ன பெயர் வைப்பது? அந்தப் பாட்டு வந்த 'யூஃபோரியா மார்னிங்'கில் அவரோடு இருந்தவர்கள் அலெய்ன் ஜோஹான்னஸ், நடாஷா ஷ்னைடர் என்ற இரண்டு தேர்ந்த கலைஞர்கள், அதனால் 'தனி' என்று நாம் சொல்வதுகூட முழுக்கத் தனி கிடையாது. அவர் நண்பரான பாடகர் ஜெஃப் பக்லி 1997இல் இறந்ததற்காக அவர் எழுதின 'வேவ் குட்பை' அதில்தான் இருக்கிறது. நண்பனை இழந்த துக்கத்தை இவ்வளவு நேராக, எதிரில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி எழுத பேண்டில் அவருக்கு இடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே வரிகள் எல்லாம் படிமமாகவே இருக்கும், 'பிளாக் ஹோல் சன்' வரிகளுக்கு இன்று வரை யாராலும் ஒரே அர்த்தம் சொல்ல முடியவில்லை.

தனி ஆல்பம் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் டிம்பலண்டோடு செய்த 2009 'ஸ்க்ரீம்' எனக்கு ஒட்டவேயில்லை, அதில் பாட்டு எழுதுகிறவரை பீட் மூடிவிட்டது. 2015இன் 'ஹையர் ட்ரூத்' கேட்டால் அவர் திரும்பித் தன் கிட்டாருக்கே வந்துவிட்டது தெரியும்.

அவர் பாடின இன்னொரு பேண்டான ஆடியோஸ்லேவை யாரும் சொல்லவில்லையே? அங்கே இசை நாலு பேர் பெயரிலும், வரிகள் மட்டும் இவர் பெயரிலும் இருக்கும். மற்றவர்கள் போட்ட ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) மேல் மெலடியும் வரியும் வைப்பது இவர் வேலை. 'லைக் எ ஸ்டோன்' கேட்டுப் பாருங்கள், கார்டு எதுவும் பெரிதாக நகராது, மெலடிதான் மொத்தப் பாட்டையும் நடத்திக்கொண்டு போகும். பேண்டோடு ஒப்பிட வேண்டுமென்றால் இந்த மூன்றாவது வகையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அஸ்தம்பட்டி_கிட்டார்

அக்கா, அண்ணா, தம்பி, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கேசட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். அப்படியென்றால் ஏற்காட்டில் 'சீசன்ஸ்' ஒன்று, 'ஸ்பூன்மேன்' ஒன்று, கடைசியில் 'வேவ் குட்பை' என்று எடுக்கலாமா? 'சீசன்ஸ்' என் கையில் சரியாக ஒலிக்கமாட்டேன் என்கிறது.

சேர்வராயன்_மலை

சாதா டியூனிங்கில் வாசித்தால் ஒலிக்காது. அது ஓபன் டியூனிங், பல கம்பிகளை ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருப்பார், அந்த ரீங்காரம்தான் பாட்டு. இதே மனுஷன் 1991இல் 'மைண்ட் ரயட்' பாட்டுக்கு ஆறு கம்பியையும் ஈ சுரத்துக்கே வைத்திருக்கிறார். 'ஸ்பூன்மேன்' டிராப் டி, தடித்த கம்பியை மட்டும் ஒரு சுரம் இறக்கினால் போதும். இரண்டுக்கும் நடுவில் டியூனிங் மாற்ற நேரம் பிடிக்கும், முடிந்தால் இரண்டாவது கிட்டார் ஒன்றைக் கூடவே கொண்டுவாருங்கள். இங்கே சாயங்காலம் பனி இறங்கினால் கம்பி கொஞ்சம் நழுவும், வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு டியூன் செய்யுங்கள். 2011 'சாங்புக்' பதிவில் அவர் ஒற்றை கிட்டாரோடு பேண்டு பாட்டுகளையும் தனிப் பாட்டுகளையும் கலந்து பாடியிருக்கிறார், வருவதற்கு முன் அதை நண்பரோடு சேர்ந்து ஒரு முறை கேளுங்கள்.