பாட்டி குடத்த தூக்குற ஷாட், வெயிட்டே தெரியல, டைமிங் எப்படி சரி பண்றது?

கேள்வி:
வணக்கம், பிளெண்டர்ல (3டி அனிமேஷன் சாஃப்ட்வேர்) சின்னதா ஒரு ஷாட் பண்ணிட்டு இருக்கேன். ஒரு பாட்டி குனிஞ்சு தண்ணி ரொம்புன குடத்த தூக்கி இடுப்புல வைக்கணும், அவ்ளோதான். 24 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு போஸா நிறுத்தி பாத்தா நல்லா இருக்கு, ப்ளே பண்ணா காலி குடம்னுதான் தோணுது, பாட்டி முகத்துலயும் உயிர் இல்ல. மொத்தமா ஸ்லோ பண்ணி பாத்தேன், இன்னும் மோசமாதான் ஆகுது. கீ (போஸ செட் பண்ற ஃப்ரேம்) எல்லாம் 1, 20, 40, 60ன்னு வச்சிருக்கேன். எத மாத்தணும்?

பதில் 1:
கீ எல்லாம் சம இடைவெளில இருக்குல்ல, அதுலதான் சிக்கல். 15 லிட்டர் குடம்னா தண்ணி மட்டுமே 15 கிலோ, அந்த வயசுல கைய வச்ச உடனே எப்படி கிளம்பும்? கை குடத்தோட கழுத்த புடிக்கட்டும், முட்டி மடங்கட்டும், தோள் இறுகட்டும், குடம் மட்டும் ஒரு 8, 10 ஃப்ரேம் தரையிலயே இருக்கட்டும். பாக்குறவனுக்கு வெயிட் தெரியுறதே அந்த இடத்துலதான். அப்புறம் கிளம்பும்போது முதல் ரெண்டு மூணு ஃப்ரேம்ல கொஞ்சமே கொஞ்சம் நகரணும், நடுவுல வேகம் எடுக்கணும், இடுப்புல வந்து உக்காந்ததும் டக்னு நிக்கக்கூடாது, இடுப்பு லேசா கீழ இறங்கி மேல் உடம்பு எதிர்பக்கம் சாஞ்சு பேலன்ஸ் பண்ணனும். கிராஃப் எடிட்டர்ல (அசைவ கோடா வரைஞ்சு காட்டுற இடம்) குடத்தோட மேல் கீழ் கர்வ மட்டும் தனியா எடுத்து பாருங்க, ரெண்டு கீக்கு நடுவுல அதே 20 ஃப்ரேம் இருந்தாலும் கர்வ் வளையுற விதத்துல வெயிட் மாறிடும். இதத்தான் ஸ்பேசிங்னு சொல்றோம்.

பதில் 2:
மேல சொன்னது குடத்துக்கு. பாட்டிக்கு என்ன பண்ணப்போறீங்க? தூக்குறதுக்கு முன்னாடி அவங்க குடத்த பாக்கணும். கண்ணு முதல்ல போகட்டும், ரெண்டு மூணு ஃப்ரேம் கழிச்சு தலை, அப்புறம் தோள். எல்லாமே ஒரே ஃப்ரேம்ல கிளம்புனா ஆள் மெஷினாயிடும். ஒரு டெஸ்ட் பண்ணி பாருங்க, தலை இடது பக்கம் ஒரு போஸ், வலது பக்கம் ஒரு போஸ். நடுவுல ஃப்ரேமே இல்லாம மாத்துனா யாரோ அறைஞ்சிட்டாங்கன்னு படும், நாலஞ்சு ஃப்ரேம் விட்டா யாரோ கூப்பிட்டு திரும்புறாங்க, பத்து பன்னெண்டு விட்டா எதையோ யோசிச்சுகிட்டே திரும்புறாங்க. போஸ் அதேதான். எனக்கு அனிமேஷன்ல ரொம்ப புடிச்ச விஷயமே இதுதான், நம்பர மாத்துனா மனசு மாறிடுது.

கேள்வி கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. டூஸ்ல பண்ணா சரியாகும்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் சொல்றாரு, அது?

பதில் 3:
இதுக்கு அது மருந்து இல்லங்க. டூஸ்னா ஒரே போஸ் ரெண்டு ஃப்ரேம் நிக்கும், செகண்டுக்கு 12 போஸ்தான். 2018ல வந்த ஸ்பைடர்வெர்ஸ் அனிமேஷன் படத்துல ஹீரோ பையன் மைல்ஸ் ஸ்பைடர்மேன் வேலைய புதுசா கத்துக்குறப்போ டூஸ்ல தடுமாறுவான், பக்கத்துல அனுபவசாலி பீட்டர் ஒன்ஸ்ல (ஃப்ரேமுக்கு ஒரு போஸ்) ஸ்மூத்தா போவாரு, அங்க அதுக்கு ஒரு காரணம் இருக்கு. உங்க ஷாட்டுக்கு முதல்ல எல்லா கீயையும் கான்ஸ்டன்ட் இன்டர்போலேஷனுக்கு (அடுத்த கீ வரைக்கும் போஸ் அப்படியே நிக்கும்) மாத்திட்டு பிளாக்கிங்லயே, அதாவது முக்கிய போஸ் மட்டும் வச்சு பாக்குற கட்டத்துலயே, டைமிங்க முடிங்க, பெசியர்ல விட்டா சாஃப்ட்வேரே நடுவுல ரொப்பி எல்லாத்தையும் வழவழன்னு ஆக்கிடும், தப்பு எங்கன்னே தெரியாது. வீட்ல நெஜமாவே ஒரு குடம் தண்ணி தூக்கி போன்ல வீடியோ எடுங்க, எந்த ஃப்ரேம்ல குடம் தரைய விடுதுன்னு எண்ணுங்க. போன் பெரும்பாலும் 30ல எடுக்கும், அத அப்படியே 24 டைம்லைன்ல ரெஃபரன்ஸா போட்டா ஸ்லோவாதான் ஓடும், அதனால முதல்ல 24க்கு கன்வர்ட் பண்ணிடுங்க.