ஹூஸ்டன் கூகர்ஸ் 2025-26: இந்த வருஷமாச்சும் கப்பு வருமா?

செந்தூல்காரன்:
வணக்கம் மக்களே. நவம்பர்ல அமெரிக்கா காலேஜ் பாஸ்கெட்பால் சீசன் தொடங்குது, பத்திரிகைக்காரங்க ஓட்டு போடற ஏபி ரேங்கிங்கும் வந்தாச்சு, பர்டூ 1, ஹூஸ்டன் 2, போன வருஷம் கப்பு தூக்கின ஃபுளோரிடா 3. என்னக் கேட்டா இந்த வாட்டி ஹூஸ்டன்தான். மிலோஸ் ஊசான் என்பிஏ டிராஃப்ட்டுக்கு (ப்ரோ டீமுங்க ஆள் எடுக்கறது) பேரு குடுத்துட்டு வேணாம்னு திரும்பி வந்துட்டான், இமானுவேல் ஷார்ப் இருக்கான், ஜோஜோ டக்லர் இருக்கான், இவங்க மூணு பேரும் போன வருஷம் ஃபுளோரிடா கூட ஃபைனல் வரைக்கும் போய் ஆடிட்டு வந்தவனுங்க. கூடவே கிறிஸ் செனாக், கிங்ஸ்டன் ஃபிளெமிங்ஸ், ஐசையா ஹார்வெல்னு மூணு புதுப் பசங்க, கோச் கெல்வின் சாம்ப்சன் 2014ல வந்ததுலேர்ந்து இப்படி ஒரு செட்டு ஃப்ரெஷ்மன் (முத வருஷப் பசங்க) கிடைச்சதே இல்ல. பழசும் புதுசும் இப்படி சேர்ந்து வர்றது லேசு இல்லலா.

பிறை_பையன்:
அண்ணே, வந்தவனுங்கள எல்லாம் சொன்னீங்க, போனவனுங்கள சொல்லவே இல்லயே. எல்ஜே கிரையர் போயிட்டான். போன சீசன்ல டீம்ல அதிக பாயிண்ட் போட்டவன் அவன், ஃபைனல்ல கூட 19 பாயிண்ட், 2021ல பேய்லர் காலேஜ்ல இருக்கும்போதே கப்பு வாங்கினவன், பதட்டமே இல்லாம த்ரீ (தூரத்துலேர்ந்து 3 பாயிண்ட் ஷாட்) அடிப்பான். ஜேவான் ராபர்ட்ஸும் போயிட்டான். இவங்க ரெண்டு பேரு இடத்துல 18, 19 வயசு பசங்கள வெச்சு கப்பு அடிக்கலாம்னு சொன்னா எனக்கு நம்பிக்கை வரல.

அதுவும் கடைசி நிமிஷம்னு வந்துட்டா ஹூஸ்டனுக்கு எப்பவும் அதே வியாதிதான். ஃபைனல் ஞாபகம் இருக்குல்ல? ரெண்டாவது ஹாஃப் ஆரம்பத்துல 42-30, 12 பாயிண்ட் லீடு. ஃபுளோரிடாவோட வால்டர் கிளேட்டன் முத ஹாஃப்ல ஒரு பாயிண்ட் கூட போடல. அத கூட வெச்சு முடிக்க முடியலயே, 65-63னு விட்டுக் குடுத்துட்டானுங்க.

செந்தூல்காரன்:
தம்பி அந்த கேம மறக்க முடியுமா. நமக்கு இங்க மலேசியால அது செவ்வாய்கிழமை காலைல, 9 மணி வாக்குல தொடங்குச்சு, நான் வேலைக்குப் போய்ட்டேன், ஆபிஸ்ல ஃபோன ஃபைலுக்குப் பின்னால சாய்ச்சு வெச்சு சத்தம் இல்லாம பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசி 19 செகண்டு, 2 பாயிண்ட் பின்னாடி, பந்து நம்ம கைல. ஷார்ப் த்ரீ அடிக்க எகிறிட்டான், கிளேட்டன் ஓடி வந்து முன்னால கைய நீட்டிட்டான், இவன் அடிச்சா பிளாக் ஆயிடும்னு பந்த கீழ விட்டுட்டான். விட்டதுக்கப்புறம் அவனே தொட்டா டிராவலிங்னு தப்பு, பந்து எதிராளிக்குப் போயிடும். அதனால பந்து அவன் கால் கிட்டயே துள்ளுது, அவன் குனிஞ்சு பார்த்துக்கிட்டு நிக்கறான், தொட முடியல. ஃபுளோரிடாவோட அலெக்ஸ் கொண்டன் பாய்ஞ்சு விழுந்து புடிச்சிட்டான், கேம் முடிஞ்சுது. நான் ஃபோன கவுத்து வெச்சுட்டு மத்தியானம் வரைக்கும் யார்கிட்டயும் பேசல.

ஆனா அந்தப் பையன் ஓடிப் போகாம திரும்பி வந்திருக்கான் பாரு. அது எனக்கு பெரிய விஷயம்.

பிறை_பையன்:
பாவம்தான் அண்ணே, ஷார்ப் மேல எனக்கு கோவமே இல்ல. ஆனா ஏன் அந்த நிலைமை வந்துச்சு? அதுக்கு முந்தி பந்து நம்ம கைல இருந்த பொசஷன்லயும் ஷாட்டே போகல, பந்து பறி போயிடுச்சு. ஃபைனல்ல கடைசி ரெண்டு பொசஷன்லயும் ரிங்க பார்த்து ஒரு ஷாட் கூட போடாத டீம எப்படி ஃபேவரிட்டுனு சொல்றது? ஒருத்தன நிக்க வெச்சு தாண்டிப் போய் தானே ஷாட் உருவாக்கிக்கற ஆளு அங்க இல்ல. கிளேட்டன் மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா கப்பு இப்ப டெக்சஸ்ல இருந்திருக்கும்.

கிள்ளான்_அக்கா:
ரெண்டு பேரும் கடைசி 20 செகண்டுலயே நிக்கறீங்க, மத்த 39 நிமிஷத்த யார் பேசறது? நான் இடைநிலைப் பள்ளில ஸ்கூல் டீம் ஆடினவ, டீம்ல நான் ஒருத்திதான் இந்தியப் பொண்ணு. எங்க கோச் முத மாசம் முழுக்க எங்கள பந்து போடவே விடல, முதுகால ஆள தள்ளி நிறுத்தி ரீபவுண்டு (உள்ள போகாம திரும்பி வர்ற பந்து) எடுக்கறது மட்டும்தான், வீட்டுக்குப் போனா இடுப்பு ரெண்டு பக்கமும் கன்னிப் போயிருக்கும். அதனாலயே எனக்கு சாம்ப்சன் டீம புடிக்கும். அவரு பிராக்டீஸ்ல ரிங் மேல ஒரு மூடி போட்டு வெச்சிருவாரு, எந்த ஷாட்டும் உள்ள போகாது, அடிச்சதெல்லாம் வெளியதான் வரும், பசங்க அடிச்சுப் புடிச்சு எடுக்கணும்.

அதான் போன வருஷம் செமி ஃபைனல், டூக் கேம்ல பலிச்சுது. அரை நிமிஷம் சொச்சம் இருக்கு, 6 பாயிண்ட் பின்னாடி, கூப்பர் ஃபிளாக் இருக்கற டீம். ஷார்ப் ஒரு த்ரீ போட்டான், அடுத்து அவனுங்க கோட்டுக்கு வெளியேர்ந்து உள்ள போட்ட பந்த (இன்பவுண்ட) மைலிக் வில்சன் பறிச்சு அவன் ஒரு த்ரீ அடிச்சான், போகல, ஆனா டக்லர் மேலேர்ந்து வந்து அப்படியே ரிங்குக்குள்ள அமுக்கி டங்க். அப்புறம் ராபர்ட்ஸ் ரெண்டு ஃப்ரீ த்ரோ. 70-67. தம்பி சொல்ற "கடைசி நிமிஷ வியாதி" உள்ள டீம் இதப் பண்ணுமா?

எனக்கு உள்ள பயம் வேற. அந்த ராபர்ட்ஸ் இடம். 6 வருஷம் அதே காலேஜ்ல இருந்தவன், பெரிய உசரம் இல்ல, ஆனா தன்ன விட உசந்தவன எல்லாம் முதுகால தள்ளி வெச்சான். செனாக் உசரம்தான், கை நீளம், வெளியேர்ந்து ஷாட்டும் போடுவான், ஆனா அந்த முரட்டுத்தனம் ஒரே சீசன்ல வருமா?

பிரிக்பீல்ட்ஸ்86:
ஹூஸ்டன் ஆடற லீக், அந்த பிக் 12 அட்டவணைய யாரும் பேசலயே. போன வருஷம் 20ல 19 ஜெயிச்சானுங்க, தோத்தது ஒண்ணே ஒண்ணு, டெக்சஸ் டெக் கிட்ட, அதுவும் ஓவர்டைம்ல ஒரு பாயிண்ட்ல. இந்த வருஷம் 18 கேமா குறைச்சுட்டாங்க, ஆனா எதிராளிங்கள பாருங்க, கேன்சஸ்ல டாரின் பீட்டர்சன், பிஒய்யூல ஏஜே டிபான்ட்சா, அரிசோனால கோவா பீட், டெக்சஸ் டெக்ல ஜேடி டாப்பின் திரும்பி வந்திருக்கான். மறுபடியும் 19-1 மாதிரி ஒரு ரெக்கார்டு வராது, நாலு கேம் தோத்தாலும் நான் கவலப்பட மாட்டேன். அதுக்கு முன்னாலயே நவம்பர்ல பர்மிங்ஹாம்ல ஆபர்ன், அப்புறம் லாஸ் வேகாஸ்ல டென்னசி. டென்னசிய போன வருஷம் எலீட் எய்ட்ல (கடைசி எட்டு டீம் சுத்து) முத ஹாஃப்ல 15 பாயிண்ட்ல நிறுத்தி வெச்சானுங்க, அந்த கடுப்பு அவனுங்களுக்கு இருக்கும்.

பிறை_பையன்:
அக்கா, டூக் கேம் நெஜமாவே பெரிய கேம், அதுல வாதமே இல்ல. ஆனா அந்த அரை நிமிஷத்த நடத்திக் குடுத்தவங்க யாரு? வில்சன் போயிட்டான், ராபர்ட்ஸ் போயிட்டான். கடைசியா ரெண்டு ஃப்ரீ த்ரோ போட்டு கேம மூடினது கிரையர், அவனும் போயிட்டான்.

இன்னொண்ணு, இந்த டீமுக்கு கப்பு கைக்கு வந்து நழுவறது 1983லேர்ந்து நடக்குது. ஹகீம் ஒலாஜுவான் இருந்த டீமே நார்த் கரோலினா ஸ்டேட் கிட்ட கடைசி செகண்டு டங்க்ல 54-52னு தோத்துச்சு, அடுத்த வருஷ ஃபைனல்ல ஜார்ஜ்டவுன் கிட்ட. 2023ல முக்கிய ஆளு மார்க்கஸ் சாஸருக்கு காயம், 2024ல அதே மாதிரி ஜமால் ஷெட் கணுக்கால் மடங்கி அங்கயே போச்சு. எத்தன வருஷம்தான் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு சொல்றது? சாம்ப்சனுக்கு இந்த அக்டோபர்ல 70 ஆயிடுச்சு.

செந்தூல்காரன்:
காயம் யாரு கைல இருக்கு தம்பி, அத வெச்சு டீம குறை சொல்லாத. நீ கேட்டது நல்ல கேள்விதான், கடைசில பந்து யாரு கைல. என் பதில் ஃபிளெமிங்ஸ். சான் அன்டோனியோ பையன், கால் வேகம் அப்படி, ஒரு அடில ஆள தாண்டிருவான். சாம்ப்சன் அவன பாயிண்ட் கார்டா (பந்த கொண்டு வந்து ஆட்டத்த நடத்தறவன்) விட்டாருன்னா ஊசான் பந்த தூக்கிக்கிட்டு அலையாம ஓரமா நின்னு ஷாட் போடலாம், ஷார்ப்புக்கும் லோடு குறையும். போன வருஷம் இல்லாதது இதுதான்.

கிள்ளான்_அக்கா:
ஃப்ரெஷ்மன் கைலயா? சாம்ப்சன் அப்படி லேசுல குடுக்க மாட்டாரு அண்ணே, டிஃபென்ஸ்ல ஒரு தப்பு பண்ணா பெஞ்சுல உக்கார வெச்சிருவாரு. எனக்கு ஊசான்தான். போன வருஷ டோர்னமென்ட்ல பர்டூ கேம்ல 60-60, ரெண்டு செகண்டு சொச்சம், அவனே இன்பவுண்ட டக்லர் கிட்ட போட்டு, டக்லர் திருப்பித் தட்டிக் குடுக்க, ஓடி வந்து ரிங் கிட்டேர்ந்து லே-அப் போட்டான். சுத்தி முழுக்க பர்டூ கூட்டம். அந்த கேம் நடந்தது இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். 2026 ஏப்ரல் ஃபைனல் ஃபோரும் (கடைசி நாலு டீம் ஆடறது) அதே ஸ்டேடியம்தான்.

பிறை_பையன்:
அதே ஸ்டேடியம்ங்கறது எனக்கு ஞாபகமே வரல அக்கா. சரி, ஊசான்னா கொஞ்சம் ஒத்துக்கறேன். ஆனாலும் என் கணக்குல ஃபைனல் ஃபோர் வரைக்கும்தான், கப்பு ஃபுளோரிடாவே மறுபடியும் எடுக்கும், உள்ள ஆடற பெரிய பசங்க எல்லாரும் திரும்பி வந்திருக்கானுங்க, கொண்டனும் சேர்த்து. ஆபர்ன் கேம் நவம்பர் 16, கடைசி அஞ்சு நிமிஷம் யாரு பந்து எடுத்துட்டு வர்றான்னு பார்த்துட்டு இங்கயே எழுதறேன்.

செந்தூல்காரன்:
எழுது தம்பி. நானும் பார்ப்பேன், எத்தன மணியா இருந்தாலும்.