வெனிஸ் பார்க்க ஒரு பகல் போதுமா?

வழிப்போக்கன்:
மிலானில் காலை ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் வெனிஸ். சான்டா லூசியா ஸ்டேஷன் வாசலிலேயே பெரிய கால்வாய். பஸ்போல் ஓடும் வாபொரேட்டோ படகில், 1-ஆம் எண்ணில், ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம், டோஜ் (வெனிஸின் பழைய ஆட்சித் தலைவர்) அரண்மனை எல்லாம் பார்த்துவிட்டு இரவே மிலான் திரும்பினோம். கோண்டோலா என்னும் துடுப்புப் படகுக்கு அரை மணிக்கு 90 யூரோ. கால்வாயைக் குறுக்கே கடக்க ட்ராகெட்டோ படகு இருக்கிறது, 2 யூரோதான். ஒரு பகல் தாராளம்.

குமரித்தென்றல்:
இல்லை நண்பரே, நீங்கள் பார்த்தது கூட்டத்தின் முதுகை. நாங்கள் இரண்டு இரவு தங்கினோம். காலை ஏழு மணிக்கு ரியால்டோ மீன் சந்தைக்குப் போனால் நீங்கள் சொல்லும் ஊரே வேறு. சரக்குப் படகு கரையில் முட்டி நிற்கும். தள்ளுவண்டிக்காரர்கள் முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தைப் படியில் ஊன்றி வண்டியைப் பாலத்தில் ஏற்றுவார்கள். சாந்தா மார்கெரிட்டா சதுக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டு: எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். குஞ்சு மீனைப் பிடிக்காதே என்று கல்லில் எழுதி வைத்த ஊர் அது! டோஜ் அரண்மனையைவிட எனக்கு அதுதான் பெரிது.

வழிப்போக்கன்:
அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்த வசதி வேண்டுமே. பகலில் வந்து போகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமான நாட்களில், நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள்; 2024-ல் அது 5 யூரோ. அதையும் கட்டிவிட்டுத்தான் போனோம். பகலில் வருகிறவன்தான் ஊரைக் கெடுக்கிறான் என்பதுபோல் பேசுவது நியாயமில்லை.

நீலவானம்:
பக்கத்து ஊரான பாதுவாவில் இரண்டு வருடம் படித்தேன். தங்குவதால் ஊருக்கு நல்லது என்று அப்படியே சொல்லிவிட முடியாது. 1951-ல் தீவில் இருக்கும் பழைய வெனிஸில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். இன்று 50,000-க்கும் கீழே. ஒவ்வொரு வீடாகச் சுற்றுலா வாடகைக்குப் போய்விட்டது. குமரித்தென்றல், நீங்கள் தங்கியது ஹோட்டலா, வீடா?

குமரித்தென்றல்:
வீடு. கேட்டதும் சுருக்கென்றது. அந்த மாடிப்படியில் ஐந்து கதவுகள்; நாலு கதவின் பக்கத்தில், சுற்றுலா வாடகைக்கு வருகிறவர்கள் சாவி எடுத்துக்கொள்ளும் பெட்டி. ஐந்தாவது வீட்டில் ஒரு பாட்டி மட்டும். தினமும் காய்கறி வண்டியைப் படிப்படியாக இழுத்து ஏறுவார், நாங்கள் ஒருநாள் தூக்கிக் கொடுத்தோம். இனி ஹோட்டல்தான். ஆனால் ஒரு பகல் போதும் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். கூட்டம் வடிந்தபின் சான் மார்கோவில் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும்.

வழிப்போக்கன்:
என் அம்மாவுக்கு மூட்டு வலி. நானூறுக்கும் மேல் பாலம், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் படி. பெட்டியையும் தூக்கிக்கொண்டு அம்மாவையும் பிடித்துக்கொண்டு எப்படி?

நீலவானம்:
அப்படியானால் மெஸ்த்ரேயில் தங்குங்கள். தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கிறது, சமதளம், பாலப் படி இல்லை. ரயிலில் பத்து நிமிடம். அதுவும் வெனிஸ் நகராட்சிதான் என்பதால், அங்கே தங்குகிறவர்களுக்கு அந்த நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் விலக்கு உண்டு என்று இணையத்தில் முன்னாலேயே பதிந்துவிடுங்கள். பெட்டியை அறையில் வைத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் அம்மாவோடு 1-ஆம் எண் படகில் உட்காருங்கள்.