நைட்ரஜன் பட்டினியில் புரோட்டியசோம் சிதைகிறது, குளுக்கோஸ் பட்டினியில் ஏன் இல்லை?

ஈஸ்ட்காரன்: புரோட்டியசோமின் (செல்லில் வேண்டாத புரதங்களை வெட்டும் இயந்திரம்) ஒரு துணையலகில் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் பச்சைப் புரதம் ஒட்டிய ஈஸ்டை நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் ஒரு நாள் வைத்தால், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) 27 கிலோடால்டன் எடைக்குப் பக்கத்தில் தனி ஜிஎஃப்பி பட்டை பளிச்சென்று வருகிறது. குளுக்கோஸை எடுத்தால் வருவதே இல்லை. இரண்டும் பட்டினிதானே?

நொதியன்: ஒரே பட்டினி இல்லை. நைட்ரஜன் போனால் டார் கைனேஸ் (சத்து இருக்கிறதா என்று உணரும் நொதி) அடங்கி, ஏடிஜி13-இன் பாஸ்பேட்டுகள் கழன்று ஏடிஜி1 விழித்துக்கொள்ளும் (இரண்டும் ஆட்டோஃபேஜியை, அதாவது செல் தன் பாகங்களையே விழுங்குவதை, தொடக்கிவிடும் புரதங்கள்), அப்புறம் இரட்டைச் சவ்வுப் பைகள் புரோட்டியசோம்களை விழுங்கி வாக்குவோலில் (செல்லின் செரிமானப் பை) கொண்டுபோய்க் கொட்டும். அங்குள்ள புரோட்டியேஸ்களுக்கு (புரதம் வெட்டும் நொதிகள்) ஜிஎஃப்பி லேசில் மசியாது, அதுதான் உங்கள் பட்டை. குளுக்கோஸ் போனாலோ புரோட்டியசோம்கள் உட்கருவை விட்டு சைட்டோபிளாசத்தில் துகள்களாகத் திரண்டு தப்பித்துவிடும். சர்க்கரையைத் திரும்பக் கொடுத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், சில நிமிடங்களில் உட்கருவுக்குத் திரும்பிவிடும்.

வாக்குவோல்வாசி: ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல் போட்டீர்களா? ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஏடிஜி7 மரபணுவை நீக்கிய செல்லில் பட்டை மறைய வேண்டும். வாக்குவோல் புரோட்டியேஸான பெப்4 நீக்கியதையும் சேருங்கள், சிதைக்க ஆளில்லாமல் வாக்குவோலுக்குள் அந்தப் பைகள் உருண்டைகளாக மிதந்து துள்ளுவது சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும். ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமி 1992-இல் இதைக் காட்டித்தான் ஆட்டோஃபேஜி ஆய்வைத் தொடங்கினார், 2016-இல் நோபல்.

ஈஸ்ட்காரன்: பெப்4 நீக்கிய ஈஸ்ட் கையில் இருக்கிறது, ஏடிஜி7 நீக்கியது இல்லை. நைட்ரஜனை எடுக்காமல் ராபமைசின் மருந்து கொடுத்தாலும் பட்டை வருமா?

நொதியன்: வரும். டாரைத்தானே அது அடக்குகிறது.