புதுப்பிப்பு: அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் ஏலத்தில் விற்றுவிட்டன

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் ஒன்பதை இணைய ஏலத்தில் 600 ரூபாய் ஆரம்ப விலைக்குப் போட்டும் ஒருவரும் கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏழு சேலைகள் விற்றுவிட்டன.

முதலில் ஆரம்ப விலையை 150 ஆக்கினேன். பார்ப்பவர்கள் கூடினார்கள், ஆனால் ஏலம் 200ஐத் தாண்டவில்லை. ஞாயிறு இரவு முடியும்படி வைத்தது கொஞ்சம் உதவியது.

உண்மையில் காரியம் ஆனது, புள்ளிகளைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொன்ன அக்காவால்தான். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. அச்சடித்ததில் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், வெயில் ஏறுவதற்கு முன் முந்தானையை விரித்து எடுத்தேன். நீளத்தையும் அளந்து எழுதினேன். அரக்கு நிறச் சேலை மட்டும் 1,150க்குப் போனது. அத்தனை முடிச்சும் விரலால் போட்டது, அந்த விலையாவது வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: ஓரத்தில் கறை இருந்த சேலைக்கு, கறையையும் படமெடுத்துப் போட்டதும் மூன்று பேர் போட்டி போட்டார்கள். திரும்பி வந்தது வேறொரு சேலை. அந்துருண்டை வாசம் இருந்ததை நான் எழுதவில்லை. அப்புறம் இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டு மறுபடி போட்டேன், 400க்குப் போனது.

மீதி இரண்டையும் அம்மா தரமாட்டேன் என்று பீரோவில் எடுத்து வைத்துக்கொண்டார்.