சரிவில் ஓட்டும் ஏடிவிக்குக் கார் உரிமம் மட்டும் போதுமா?

பூங்கா மேற்பார்வையாளர்:
வணக்கம். நான் சிங்கப்பூரில் பூங்காப் பராமரிப்புக் குத்தகை நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். மேட்டு நிலங்களில் களைக்கொல்லி தெளிப்பதற்காக ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறிய திறந்த வண்டி) ஒன்றை வாங்கி, அதன் பின்புறம் 60 லிட்டர் தொட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு (கார்) உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம் என்பது அலுவலகத்தின் கருத்து. போன வாரம் மழை விட்டதும் நம் ஊழியர் ஒருவர் சரிவின் குறுக்கே திரும்பியபோது, மேட்டுப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் உயரம் எழும்பிவிட்டுத் தரையில் இறங்கின. அவருக்குக் காயமில்லை, எனக்குத்தான் அன்றிரவு தூக்கமில்லை. என்ன பயிற்சி கேட்க வேண்டும்?

களப் பயிற்றுநர்:
ஐயா, தங்கள் கவலை நியாயமானது. வளைவில் காரின் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும். பல ஏடிவிகளிலோ பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், ஓட்டுபவர் தம் எடையை இடம் மாற்றினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். ஏறும்போது முன்னோக்கியும் இறங்கும்போது பின்னோக்கியும் குறுக்கே செல்லும்போது மேட்டுப்பக்கமாகவும் உடலைச் சாய்ப்பதற்குப் பழக வேண்டும். கார் ஓட்டியவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனை 1988இல் நிறுத்தப்பட்டதற்கு, அவை எளிதில் கவிழ்ந்ததே முக்கியக் காரணம். நான்கு சக்கரமும் கவிழக்கூடியதே.

எனக்கு அதைவிட அச்சமூட்டுவது தங்கள் தொட்டிதான். பாதி நிரம்பிய தொட்டியில் வண்டி சாயும் கணத்திலேயே நீர் பள்ளத்துப் பக்கம் பாய்ந்து, எடையையும் அங்கே தள்ளிவிடும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று மூடியைத் திறந்து பாருங்கள். தொட்டியின் எடை உற்பத்தியாளர் குறித்த சுமை வரம்புக்குள் அடங்க வேண்டும். வெறும் வண்டியை வாகன நிறுத்துமிடத்தில் ஓட்டிக் காட்டுவது பயிற்சியாகாது.

டிராக்டர் ஓட்டுநர்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தை, அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் சட்டகத்தை, கட்டாயமாக்கியது. அந்தச் சட்டகம் உள்ள வண்டியில் இருக்கைப் பட்டையை அணிந்தே ஆக வேண்டும். சாயும்போது குதிக்கத்தான் மனம் சொல்லும், ஆனால் குதித்தவர் மேலேயே சட்டகம் விழும். சட்டகமில்லாத வண்டியிலோ பட்டை ஆளைக் கவிழும் வண்டியோடு கட்டிப்போடும். இரண்டு வகையையும் ஒரே ஆள் மாறிமாறி ஓட்டும் இடங்களில் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்:
வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்தது. தேவையான பயிற்சியும் மேற்பார்வையும் அளிப்பது முதலாளியின் கடமை என்பதை அலுவலகத்துக்கு எழுத்திலேயே நினைவூட்டுங்கள். பயிற்சி ஊழியருக்குப் புரியும் மொழியில் நடக்கட்டும். ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு, "என்னண்ணே எழுதியிருக்கு?" என்று வெளியே வந்து கேட்ட தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையெழுத்து அவர்களைக் காப்பாற்றாது.

பூங்கா மேற்பார்வையாளர்:
அனைவருக்கும் மிக்க நன்றி. தொட்டியைத் திறந்து பார்த்தேன். தடுப்புத் தகடு இல்லை. நிர்வாகத்திற்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். தமிழில் செய்முறைப் பயிற்சி நடக்கும் வரை சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கும். அதுவரை சரிவுகளில் முதுகுத் தெளிப்பானைக் கொண்டு கையாலேயே தெளிக்கிறோம்.