பார்ட் டைம் ஆளுக்கு இஎஸ்ஐ கிடையாதா? அவசரம்

அரைநாள்டிடிபி:
வணக்கம். நான் பார்ட் டைமாக வேலை பார்க்கிறேன். பார்ட் டைம் ஆட்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை தரும் அரசுக் காப்பீடு) மாதிரி இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது, சின்ன இடத்துக்கு அந்தச் சட்டமெல்லாம் வராது என்கிறார் ஓனர். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டும். ஓனர் சொல்வது உண்மையா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கேள்விக்குறி:
எந்த ஊர்ப்பக்கம்? என்ன வேலை? எத்தனை பேர்? சம்பளம் எவ்வளவு? ஒன்றுமே சொல்லாமல் உண்மையா என்று கேட்டால் எப்படி?

பாலிசிப்பித்தன்:
ஓனரை நம்பி உட்காராதீர்கள். சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்விட்டது. வேலை மாறினாலும் பாலிசி கூடவே வரும்.

கேள்விக்குறி:
கண்புரை வந்த பிறகு பாலிசி எடுத்து? ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அதுவரை அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?

மஸ்டர்ரோல்:
இந்தக் கேள்வி இங்கே வராத மாதமே இல்லை. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கிற பொறுமை யாருக்கும் கிடையாது. சரி தம்பி, கவனமாகப் படி. இஎஸ்ஐயில் முழுநேரம், பகுதிநேரம் என்ற பாகுபாடே இல்லை. மாதச் சம்பளம் 21,000க்குள் இருக்க வேண்டும், வேலை செய்கிறவர்கள் 10 பேர் இருக்க வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உன் ஓனருக்கு இது தெரியாமல் இருக்காது.

அரைநாள்டிடிபி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். தமிழ்நாடு. அச்சகம், மதியத்துக்கு மேல் டிடிபி. சம்பளம் 9,500. பெர்மனென்ட் ஆறு பேர், என்னைப்போல அரைநாள் ஆட்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். அப்புறம், நான் தம்பி இல்லை. அக்கா.

கேள்விக்குறி:
ஒன்பதுதான் வருகிறது. பைண்டிங் யார் பண்ணுகிறார்கள்?

அரைநாள்டிடிபி:
இரண்டு பேர் தினமும் வந்து ஃபாரம் மடிப்பார்கள், ஊசி போடுவார்கள். பீஸ் ரேட். அவர்கள் ஸ்டாஃப் கிடையாதே?

மஸ்டர்ரோல்:
அச்சகத்துக்குள் உட்கார்ந்து மடித்தால் பீஸ் ரேட் ஆளும் கணக்கில் வருவார். காண்டிராக்டர் கூட்டி வந்தாலும் வருவார். மொத்தம் 11. ஓனர் சம்பளப் பதிவேட்டை மட்டும் எண்ணுகிறார்.

சின்னமுதலாளி:
ஓனர் என்றாலே ஏமாற்றுக்காரன் மாதிரி பேச வேண்டாம். நானும் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சீசனில் 11 பேர், மற்ற நாளில் 7 பேர். ஏழு பேருக்கு எதற்கு இதெல்லாம்?

மஸ்டர்ரோல்:
ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. பழைய 1948 இஎஸ்ஐ சட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான்.

சின்னமுதலாளி:
அப்படியானால் பத்தாவது ஆளை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஆட்களே பிடித்தம் வேண்டாம், முழுசாகக் கையில் கொடு என்றுதான் கேட்கிறார்கள்.

பாலிசிப்பித்தன்:
கேட்க மாட்டார்களா? இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் டோக்கன் போட்டுக் காத்திருக்க யாருக்கு நேரம்? பாலிசி என்றால் கேஷ்லெஸ், வேலை முடிந்தது.

கேள்விக்குறி:
உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை இஎஸ்ஐ தரும். அதற்கு அந்தந்த அரையாண்டில் 78 நாள் பங்கு கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கேஷ்லெஸ் வீட்டு வாடகை கட்டுமா?

தாலுக்காவாசல்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000க்குள் இருந்தால் போதும். 9,500 என்றால் 1,14,000தான் வருகிறது. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்குங்கள். அம்மாவுக்கு 70 வயது முடிந்திருந்தால் வருமானமே பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டையும் உண்டு.

அரைநாள்டிடிபி:
அம்மாவுக்கு 64. வருமானம் 1,20,000 தாண்டிவிடும். காலையில் ஜவுளிக்கடையில் பில்லிங் போடுகிறேன், அங்கே 8,000. ஏதோ நலநிதிக்கு 60 ரூபாய் பிடித்துக்கொண்டு 7,940 தருவார்கள்.

கேள்விக்குறி:
அக்கா, கொஞ்சம் நில்லுங்கள். 8,000 ரூபாய்க்கு 0.75 சதவீதம் எவ்வளவு? சரியாக 60. அது நலநிதியாக இருக்காது, இஎஸ்ஐ பிடித்தமாகத்தான் இருக்கும்! சம்பளச் சீட்டைப் பாருங்கள். உங்கள் பெயரில் 10 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும்.

மஸ்டர்ரோல்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்.

பாலிசிப்பித்தன்:
இருந்தாலும் ஒரு பாலிசி எடுத்து வைப்பது நல்லது.

அரைநாள்டிடிபி:
சீட்டில் இஎஸ்ஐ என்றுதான் போட்டிருக்கிறது. கடை அக்கவுண்டன்ட் எண் கொடுத்துவிட்டார். அம்மா பெயர் அதில் இல்லையாம், சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. டைம் இல்லை.

கேள்விக்குறி:
அம்மாவின் ஆதார், ஃபோட்டோ கொடுங்கள். பெற்றோர் உங்களைச் சார்ந்து இருக்க வேண்டும், அவர்களுக்கென்று வருமான வரம்பும் உண்டு. டிஸ்பென்சரி வீட்டுப் பக்கமாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். அச்சகத்தில் பதிகிற நாள் வந்தால் இதே எண்ணைக் கொடுங்கள், புது எண் வேண்டாம், ஒருவருக்கு ஒன்றுதான். அங்கே உங்கள் பங்கு 72 ரூபாய், ஓனர் பங்கு 309 ரூபாய். அந்த பைண்டிங் அக்காக்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சின்னமுதலாளி:
ஒரு சந்தேகம். ஏழு பேர் இருக்கிற இடம், தானாக விரும்பிச் சேர முடியுமா?

மஸ்டர்ரோல்:
முடியும். முதலாளியும் பெரும்பான்மை ஆட்களும் சம்மதித்து விண்ணப்பம் போட்டால் புதிய தொகுப்பில் வழி இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். அதற்கு முன்னால் பழையதைத் தேடிப் பாருங்கள்.